பரிவேட்டைக்கு நான் அழைத்து வந்த சிவிங்கி

அறுபதுகளின் தொடக்கத்தில், அந்த ஆண்டின் சாரல் இறங்கும் வரைக்கும், தென்காசி வட்டாரத்தில் என்னை யாருக்கும் அறிமுகம் செய்துவைக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்துத் தேறியவன். எங்கள் ஊரில் இருபோக நஞ்சை, தென்காசியில் ஒரு வீடு, குற்றாலத்து மலையடிவாரத்தில் ஒரு தோப்பு ஆகியவற்றுக்கு உரியவன். இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு முறையான உரிமம் வைத்திருந்தேன். இலத்தூர்ப் பக்கத்தில் சிறுத்தை ஒரு ஆட்டைத் தூக்கினால், சைக்கிளில் வரும் ஆள் முதலில் என் வீட்டுக் கதவைத் தட்டுவான். அதற்குப் பிறகுதான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவான். மூன்று சிறுத்தைகளைச் சுட்டிருந்தேன். மூன்றாவதன் தலைமேல் கால் வைத்து நான் நிற்கும் படம் தென்காசியில் எங்கள் மனமகிழ் மன்றத்தின் வாசலுக்கு நேர் எதிரே மாட்டப்பட்டிருந்தது. அதை மாட்டச் சொன்னவன் நான் அல்ல. கழற்றச் சொன்னவனும் அல்ல.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, விஜயதசமிப் பரிவேட்டையின் முதல் வெடி எங்கள் குடும்பத்துக்கு உரியது. அன்று மாலை சாமி குதிரை வாகனத்தில் ஊர் எல்லையிலுள்ள மண்டபத்துக்கு எழுந்தருளி, நட்டு வைத்த வாழைமரத்தின்மேல் அம்பு விடுவார். மற்ற ஊர்களில் அத்துடன் முடிந்துவிடும். எங்கள் ஊரில் அம்பு பாய்ந்ததும் எங்கள் குடும்பத்து மூத்தவர் வானத்தை நோக்கி ஒரு வெடி போடுவார். அந்தச் சத்தத்துக்காகவே கம்பும் வேல்கம்பும் நாய்களுமாகக் காத்திருக்கும் கூட்டம், உடனே மலையடிவாரப் புதர்களைக் கலைக்கக் கிளம்பும். வெடிக்குப் பிறகு கண்முன் எது ஓடுகிறதோ அது சாமியின் வேட்டை. முயலானாலும் மிளா மானானாலும் சிறுத்தையானாலும் அதை விடக் கூடாது. வெடி போட்டவரின் தலையில் அர்ச்சகர் பரிவட்டம் கட்டுவார். பதினான்கு ஆண்டுகள் அந்தப் பட்டுத் துணி என் தலையில் கட்டப்பட்டிருக்கிறது.

அந்த ஆண்டு ஆனி மாதம் குற்றாலத்திலிருந்து ஒரு பழக்கடைக்காரர் என்னைத் தேடி வந்தார். நனைந்த குடையை மடக்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணாச்சி, ஐந்தருவி ரோட்டுல ஒரு பெரியவரு சிறுத்தைய வார்ல கட்டிக் கூட்டிட்டு வாராரு. மங்குஸ்தான் வாங்க வந்தவன்லாம் கூடையப் போட்டுட்டு ஓடுதான். நீங்க வந்து ஒரு தோட்டா செலவழிச்சீயன்னா ஊரே ஒங்களக் கும்பிடும்."

"கட்டிப் போட்டதைச் சுடுததுக்கு நான் எதுக்குவே? கசாப்புக் கடைக்காரனக் கூப்பிடும்" என்றேன்.

ஆனாலும் மறுநாள் போனேன். என் பொறுப்பிலுள்ள வட்டாரத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு சிறுத்தை உலவுவது எனக்கு இழுக்கு என்று பட்டது.

அந்தப் பெரியவர் நம் பக்கத்துக்காரர்தான். இளவயதில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுத் திரும்பியவர். மனைவியை அங்கேயே பறிகொடுத்துவிட்டார். சாரலுக்காக ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்திருந்தார். நான் வாசலில் காலை வைத்ததும் உள்ளிருந்து குரல் வந்தது.

"செருப்ப வெளியிலயே விட்டுட்டு வாங்க. உள்ள விட்டா அவ கடிச்சுத் துப்பிருவா."

'அவ' என்று சொல்லப்பட்டது வராந்தாவில் பிரம்பு நாற்காலியின் கீழ் நீட்டிப் படுத்திருந்தது. ஒரே பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒட்டிய இடுப்பு, ஆழமான மார்பு, நீண்ட கால்கள், நாய்க்கு இருப்பதுபோல் உள்ளே இழுத்துக்கொள்ள முடியாத நகங்கள், கண்ணின் உள்முனையிலிருந்து வாய்வரை இறங்கும் கறுப்புக் கோடு. கல்லூரிப் புத்தகத்தில் 'சீட்டா' என்ற பெயருடன் படமாக மட்டும் பார்த்தது.

"சிவிங்கி" என்றேன்.

"பரவால்லையே! இதச் சிறுத்தைன்னு சொல்லாத மொத ஆளு நீங்கதான். உக்காருங்க." பிறகு குனிந்து, "ஏட்டி, எந்திச்சு வா. ஆளு வந்துருக்காருல்லா" என்றார், வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதைப் போல.

அது எழுந்து வந்தது. என் புறங்கையை நக்கியது. அரத்தால் தேய்ப்பது போலிருந்தது. பிறகு என் முழங்காலில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு உறுமியது. மிரட்டும் உறுமல் அன்று. பூனை மடியில் கிடந்து செய்வது. அதன் விலாவில் கை வைத்தேன். மூன்று சிறுத்தைகளைத் தொட்டிருக்கிறேன். மூன்றையும் அவை குளிர்ந்த பிறகே தொட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதன் தாயை ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி தோலுக்காகச் சுட்டாராம். பக்கத்தில் கிடந்த குட்டிகளில் இது மட்டும் பிழைத்தது. பெரியவரும் அவர் மனைவியும் ஆட்டுப்பால் ஊட்டி வளர்த்தார்கள். "எல்லாத்துக்கும் பழகிட்டா. வெடிச் சத்தம் ஒண்ணுதான் ஆகாது. தீவாளிக்கு முந்தியே பெங்களூருக்கு, மக வீட்டுத் தோட்டத்துக்குப் போயிரணும்" என்றார்.

நம் நாட்டில் இருந்த சிவிங்கிகளில் கடைசியானவையும் சுடப்பட்டு முடிந்துவிட்டன என்பது அன்று படித்தவர்கள் அறிந்திருந்த செய்தி. நானும் அறிந்திருந்தேன். அறிந்தே துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். அவற்றைச் சுட்டவர்கள் பசித்தவர்கள் அல்லர். பரம்பரை உரிமையும் நல்ல துப்பாக்கியும் படம் பிடிக்க ஓர் ஆளும் வைத்திருந்தவர்கள். அன்று தென்காசி திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கோபம். யார்மேல் என்பதை முடிவு செய்ய இரண்டு நாள் ஆனது.

அதன் பிறகு வாரம் தவறாமல் போனேன். ஒரு முறை இலத்தூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவரையும் உடன் அழைத்துப் போனேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிறுத்தை அடித்துப்போட்ட ஆட்டின்மேல் பூச்சிமருந்தைத் தடவி வைத்துச் சிறுத்தையையும் தன்னுடைய இரண்டு நாய்களையும் கொன்றவர் அவர். அந்தச் சிறுத்தையின் சாவு அவருக்கு வெற்றி. நாய்களின் சாவைப் பற்றி மட்டும் பேசமாட்டார். வராந்தாப் படியிலேயே நின்றுவிட்டார்.

"வந்து தொடும்" என்றேன்.

"கடிச்சிராதுல்லா அய்யா?"

"கடிச்சா அவளுக்குத்தான் வவுத்த வலிக்கும். ஒம்ம கையில என்னவே இருக்கு, எலும்புதான?" என்றார் பெரியவர்.

ஆட்டுக்காரர் ஒரு விரலை வைத்தார். பிறகு உள்ளங்கையை வைத்தார். அது உறுமத் தொடங்கியதும் கையை எடுத்துவிட்டுத் திரும்பவும் வைத்தார்.

"உள்ள மாவு மிசின் ஓடுதுய்யா!" என்று சிரித்தார். பிறகு, "இதுக்குச் சோடி உண்டா?" என்று கேட்டார்.

"இந்த நாட்டுல இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

"எல்லாத்தையும் யாரு கொன்னா?"

பெரியவர் என்னைப் பார்த்தார். "எங்கள மாதிரி ஆளுவதான்" என்றேன். ஆட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தார். அடுத்த வாரம் அவராகவே நான்கு ஆட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஐந்தருவி ரோட்டுக்கு நடந்து வந்திருந்தார். இனி செத்த ஆட்டின்மேல் மருந்து வைப்பதில்லை என்று அந்த வராந்தாவில் வைத்து ஐந்து பேரும் சொன்னார்கள். நான் கேட்டு அவர்கள் சொல்லவில்லை. பத்தாண்டுகளாக அதைச் சொல்லியிருக்க வேண்டிய நான், அதுவரை ஒரு முறையும் சொன்னதில்லை.

புரட்டாசியில் ஊர்க்கூட்டம் நடந்தது. நான் எழுந்து, இந்த ஆண்டு அம்பு உண்டு, வெடி இல்லை, காட்டைக் கலைப்பது இல்லை என்றேன். கூட்டத்தில் என் சித்தப்பா மகன் இருந்தான். என்னைவிட எட்டு வயது இளையவன். எனக்கு ஆண் வாரிசு இல்லையாதலால் எனக்குப் பின் அந்த முதல் வெடி அவனுக்கு வரவேண்டியது. காத்திருக்கப் பொறுமை இல்லாதவன்.

"அண்ணாச்சிக்கு வயசாயிட்டுல்லா. கை நடுங்குது போல. வாயத் தொறந்து சொன்னா வெடிய நாங்க போட்டுட்டுப் போறோம். அதுக்கு ஏன் சாமிய இழுக்கணும்?"

"என் கை நடுங்குதான்னு பாக்கணும்னா எதுத்தாப்புல வந்து நில்லுலே" என்றேன். கூட்டம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

ஒரு கிழவர் எழுந்தார். "அதெல்லாம் இருக்கட்டும். வேட்டைக்குப் போன சாமி வெறுங்கைய வீசிட்டு வந்தா ஊரு என்ன சொல்லும்?"

அப்போது நான் சொன்னதுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம். அதை வேறு யார்மேலும் போட நான் தயாரில்லை. பெரியவரின் சிவிங்கியை அன்று மண்டபத்துக்குக் கொண்டு வருகிறேன், சாமி அதைக் கண்டும் எய்யாமல் விட்டார் என்று இருக்கட்டும், எல்லாரும் அதைத் தொட்டுப் பார்க்கட்டும், அதன் பிறகும் காட்டைக் கலைக்கத்தான் வேண்டும் என்றால் அடுத்த ஆண்டு பேசுவோம் என்றேன். ஊர் உடனே ஒப்புக்கொண்டது. என் வாதத்துக்காக அல்ல, வேடிக்கைக்காக.

அர்ச்சகர் மட்டும், "அப்போ பரிவட்டத்தை என்ன பண்றது?" என்று கேட்டார்.

"இந்த வருஷம் அது மடிச்சபடி பெட்டியிலேயே இருக்கட்டும்" என்றேன்.

பெரியவரைச் சம்மதிக்கவைப்பது எளிதாக இல்லை.

"வெடி உண்டா?"

"இல்லை. என் வாக்கு."

"ஒங்க வாக்கு சரி. ஊர்ல எத்தன துப்பாக்கி இருக்கு?"

"ரெண்டு. ஒண்ணு என்னுது. இன்னொண்ணு என் தம்பிமுறை ஒருத்தன்கிட்ட."

"அத அன்னைக்கு ஒரு நாளைக்கு வாங்கி ஒங்க வீட்டுல வச்சிருங்களேன்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் மூத்தவன் சொல்லை இளையவன் மீறுவான் என்று ஒரு வெளியாள் நினைப்பதா? "எங்க வீட்டுல சொன்னாப் போதும். பூட்டி வைக்க வேண்டிய பழக்கம் இல்லை" என்றேன். துப்பாக்கியைக் கேட்டிருந்தால் அவன் தந்திருப்பானோ மாட்டானோ, தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டால் என் மதிப்புக் குறையும் என்று நினைத்தேன்.

விஜயதசமி அன்று மாலை வெயில் நன்றாகவே அடித்தது. கார் நெல் அறுத்து முடிந்து, மண்டபத்தைச் சுற்றி வயல்கள் தாளாகக் கிடந்தன. பெரியவர் சிவிங்கியை மண்டபத்தின் தெற்குத் தூணருகே கொண்டுவந்து படுக்கவைத்து, தோல்வாரைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். நாய்களை ஆட்டுக்காரர் தொலைவில் பிடித்து நிறுத்தியிருந்தார். பெண்கள் முதலில் தள்ளி நின்றார்கள். பிறகு ஒரு பெண் சிறு செம்பில் பால் கொண்டுவந்து வைத்தாள். அது குடித்தது. அவ்வளவுதான், வரிசை உண்டாகிவிட்டது. தொட்டவர்கள் தொடாதவர்களுக்கு விளக்கம் சொன்னார்கள்.

"நாயி மாதிரி இருக்குட்டி, ஆனா பூன."

"மூஞ்சியப் பாரு, அழுத மாதிரி இருக்கு."

"புள்ளைய இல்லையாம், பாவம்."

வேல்கம்புகளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆண்கள் அதன் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். என் வாழ்நாளில் நான் எடுத்த முடிவுகளில் இதுவே சிறந்தது என்று அந்த அரை மணி நேரம் நம்பினேன்.

மேளம் உச்சத்துக்குப் போனது. குதிரை வாகனம் மூன்று முறை முன்னும் பின்னும் ஓடி நின்றது. அர்ச்சகர் சாமியின் கையிலிருந்த அம்பை வாங்கி எய்தார். வாழைமரத்தில் பாய்ந்தது. கூட்டம் கைகூப்பியது. அந்த அமைதியில் எனக்குப் பின்னாலிருந்து வெடித்தது.

திரும்பினேன். என் சித்தப்பா மகன் துப்பாக்கியை வானத்தை நோக்கிப் பிடித்தபடி நின்றிருந்தான். "மொற விடப்படாதுல்லா" என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி.

வார் பெரியவரின் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போயிருந்தது. சிவிங்கி வயலில் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டம் என்று நான் அதுவரை எண்ணியிருந்தது வேறு. மண்டபத்துக்கும் கால்வாய்க் கரைக்கும் நடுவே பெரிய வயல்கள் மூன்று. வெடியின் புகை கலைவதற்குள் மூன்றும் அதற்குப் பின்னால் கிடந்தன. நூறு பேர் வாயைத் திறந்தபடி நின்றார்கள். ஒரு பெண் "யம்மாடி!" என்றாள்.

அங்கேயே நின்றிருந்தால் அவர்களை மன்னித்திருப்பேன். ஆனால் தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்திருந்தது ஒன்றே ஒன்று: வெடிக்குப் பின் ஓடுவதை விடாதே. "சாமி வேட்டைலே! விடாத!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் கிளம்பியது. சுவரில் சாய்த்த வேல்கம்புகள் கைகளுக்கு வந்தன. ஐந்து நிமிடத்துக்கு முன் அதன் காதைச் சொறிந்தவர்கள் அதைக் கொல்ல ஓடினார்கள். நாய்களைப் பிடித்திருந்த ஆட்டுக்காரர் கயிறுகளை ஒரு மரத்தில் சுற்றிவிட்டுக் குறுக்கு வரப்பில் ஓடுவதைக் கண்டபோது அவரையும் அவர்களில் ஒருவர் என்றே நினைத்தேன்.

நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடப் புறப்பட்டேன். அந்த ஒரு கணத்தில் கண்ணில் பட்டதை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. என் சித்தப்பா மகன் தலையைக் குனிந்து நிற்கிறான்; அர்ச்சகர் பெட்டியைத் திறந்து பரிவட்டத்தை எடுத்து அவன் தலையில் கட்டுகிறார்; நாதசுரக்காரர் விடாமல் வாசிக்கிறார். அந்தப் பரிவட்டத்தை நான் தட்டிவிட்டேன் என்று சொல்பவர்கள் உண்டு. தட்டவில்லை. தட்டியிருக்க வேண்டும்.

சிவிங்கியால் நெடுந்தூரம் ஓட முடியாது. மூச்சு நின்றுவிடும் என்று பெரியவர் என்னிடம் சொல்லியிருந்தார். கால்வாயைத் தாண்டி, குளத்தங்கரைப் பனைகளுக்கடியில் நாக்கைத் தொங்கப்போட்டு அது விழுந்து கிடந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பின்தொடையில் வேல் கீறி ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அதன்மேல் கால்களை அகட்டி, கையில் தொரட்டியுடன் ஆட்டுக்காரர் நின்றார்.

"எவனாது கிட்ட வந்தீய, தொரட்டியாலயே கொடல உருவிருவேன்!"

"ஏலே, அது சாமி வேட்டைலே. நகருலே!"

"சாமிக்கு வேணும்னா சாமி வரட்டும். நீ யாருலே?"

"பைத்தியம் புடிச்சிட்டால? ஆடு மேய்க்கவன் புலிக்கு வக்காலத்தா?"

"ஆமாலே, வக்காலத்துதான். இப்பம்தான தொட்டுக் கும்பிட்ட? அந்தக் கையி எங்கலே?"

 பின்னால் பெரியவர், தோலுரிந்த கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, "ஏட்டி... ஏட்டி..." என்று கூப்பிட்டபடி வயலைக் கடந்து வந்துகொண்டிருந்தார். அது தலையைத் தூக்கிக் குருவியைப் போல ஒரு சத்தம் கொடுத்தது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சிறிய சத்தம். வேல்கம்பு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகி அவருக்கு வழிவிட்டார்கள்.

காயத்தை நான்தான் கழுவினேன். தென்காசியிலிருந்து கால்நடை வைத்தியரை வரவழைத்துத் தைக்கவைத்தேன். அந்த நேரம் முழுவதும் பெரியவர் அதன் தலையை மடியில் வைத்திருந்தார். நான்காம் நாள் காரில் பெங்களூருக்குப் புறப்பட்டார். வழியனுப்பப் போனேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அவர் செய்தது சரி. தை மாதம் ஒரு தபால் அட்டை வந்தது: காயம் ஆறிவிட்டது, நொண்டுகிறாள், இப்போது ஓடுவதில்லை. என்னைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

அடுத்த விஜயதசமிக்கு என் சித்தப்பா மகன் புதுப் பட்டு வேட்டியில் வந்தான். முதல் வெடி இனித் தன்னுடையது என்று முன்பே ஊரெல்லாம் சொல்லியிருந்தான். நான் எதிர்க்கவில்லை; அந்த உரிமையைத் தொட எனக்கு மனம் இல்லை. அம்பு பாய்ந்தது. வெடியும் போட்டான். காட்டைக் கலைக்க வேண்டியவர்கள் ஆட்டுக்காரர்களும் அவர்கள் சொந்தக்காரர்களும்தான். அவர்கள் கோயில் மதிலோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யார் கையிலும் கம்பு இல்லை. அவன் கத்திப் பார்த்தான்.

"என்னலே, காது கேக்கலையா? எந்திங்கலே!"

"கேட்டுச்சு முதலாளி, நல்லாக் கேட்டுச்சு. நீங்க ஓடுங்க, நாங்க பாக்கோம்" என்றார் ஆட்டுக்காரர். பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு எழுந்தது.

மறு ஆண்டும் அப்படியே. மூன்றாம் ஆண்டு அவன் துப்பாக்கியைக் கொண்டு வரவில்லை. வன விலங்குகளுக்கென்று சட்டம் வந்ததெல்லாம் அதற்கு வெகு காலம் கழித்து. அதற்கிடையே இலத்தூர்ப் பக்கத்தில் சிறுத்தை ஆட்டைத் தூக்கியதும் உண்டு. பட்டிக்கு முள்வேலியை உயர்த்தினார்கள், இரவுக் காவலுக்கு ஆள் போட்டார்கள், என்னைத் திட்டினார்கள். மருந்து வைக்கவில்லை. ஏன் என்று ஒரு முறை ஆட்டுக்காரரிடம் கேட்டேன். "மலையில கெடக்கது வேற சாதின்னு தெரியும் அய்யா. ஆனா மருந்த எடுத்தாக் கையி நிக்குது" என்றார். காட்டு விலங்குகளைக் காக்கச் சொல்லி நான் பின்னாளில் தென்காசிப் பள்ளிக்கூடங்களில் பேசிய பேச்சுகளுக்கெல்லாம் இவ்வளவு பலன் இருந்ததில்லை. அவர் செய்ததற்கு யாரும் அவருக்குப் பரிவட்டம் கட்டவில்லை. கட்டச் சொல்லி நான் கேட்டேன். முறை இல்லை என்றார்கள்.

சென்ற ஆண்டு எங்கள் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு சிறப்பு மலர் போட்டிருக்கிறார்கள். வழவழப்பான தாள், என் சித்தப்பா மகன் தலையில் பரிவட்டத்துடன் நிற்கும் படம். ஒரு விஜயதசமி அன்று கொடிய சிறுத்தை ஒன்று காட்டிலிருந்து பக்தர் கூட்டத்தில் பாய்ந்ததாகவும், அவன் வெடி போட்டு ஊரைக் காத்ததாகவும், அரசாங்க உத்தரவினால் பரிவேட்டையில் காட்டைக் கலைப்பது நின்றதாகவும் அதற்குக் கீழே அச்சிட்டிருக்கிறார்கள். அதை எழுதியவர்களில் ஒருவரும் அன்று அங்கே இல்லை. அங்கே இருந்தவர்களில் ஒருவரிடமும் அவர்கள் கேட்கவில்லை.

சிறுத்தை எதுவும் வரவில்லை. அங்கே இருந்தது சிவிங்கி. அது பாயவில்லை, படுத்திருந்தது. அதைக் கொண்டுவந்தவன் நான். வெடி போட்ட பிறகுதான் அது ஓடியது. வேட்டையை நிறுத்தியது அரசாங்கம் அல்ல, ஆட்டுக்காரர்கள்.